இடது காது

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில் பைக்கை ஓரடி நகர்த்தவே கால் மணி நேரமாகும். அன்றும் அப்படித்தான். முன்னால் விபத்து என்றார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

நசுங்கிய மொபெட். சாலையெங்கும் சிதறிக் கிடந்த மீன். தார்ப்பாய் போர்த்திய ஓர் உடல். லாரி டிரைவரை நாலைந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் நின்றார். நானும் ஒன்று விட்டேன், கன்னத்தில், ஓங்கி.

விபத்தை நான் பார்க்கவில்லை. செத்தவர் யாரென்றும் தெரியாது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற எரிச்சல்தான் அந்த அடியில் இருந்தது. பிறகு கையை உதறிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் நன்றாகவே சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் மீன்கார அக்கா சங்கரா மீனை ஆய்ந்தபடி என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு கீதே, அது புருசன் மீன் எத்துகினு போசொல லாரில மாட்டிக்கினு செத்துப்பூட்டான்மா. பள்ளத்துல வண்டிய வுட்டு அவனேதான் சறுக்கி வுழுந்துகீறான். டிரைவரு இன்னா பண்ணுவாரு? அவரப் போட்டு ஜனம் அந்த அடி அடிச்சிகீது. பொணத்த வாங்கப் போன ஆஸ்பத்திரிலதான் அவரையும் சேத்துகீறாங்க. சேலத்தாண்ட எங்கியோ ஊரு, கூட ஒரு ஆளு இல்ல. 'இவரு எதுனா சாப்ட்டாரா'ன்னு இவ நர்ஸாண்ட கேட்டாளாம்."

நான் பேப்பரை மடித்தேன்.

"காரியம் முடிஞ்சதும் தெனம் அந்தாளுக்குக் கஞ்சி எத்துகினு போனாமா. வூட்ல எல்லாம் திட்டினாங்க. 'அவருக்கும் ஒரு பொண்டாட்டி காத்துகினுதான இருப்பா'ன்னா. அவரு மேல தப்பு இல்லன்னு போலீஸாண்ட போயி அவளே எய்திக் குட்தா."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் வாசலுக்கு வந்தபோது என் கன்னமும் நனைந்திருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"உனுக்கு எளகின மனசு நைனா."

மறுக்காமல் அதை வாங்கிக்கொண்டு நின்றேன். "இப்ப எப்படி இருக்காரு அந்த டிரைவர்?"

"ஊருக்குப் பூட்டாரு. ஒரு காது சுத்தமா கேக்கலயாம். எந்தப் பாவி அறஞ்சானோ."

"எந்தக் காது?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடது காது" என்றார் அக்கா.

நான் வலது கைக்காரன். எதிரே நிற்பவரை அறைந்தால் அங்கேதான் விழும். வேறு யார் அடியாகவாவது இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

உதவி செய்யப்போவதாகச் சொல்லி, அக்கா மூலமாக அந்தப் பெண்ணிடமிருந்து டிரைவரின் எண்ணை வாங்கினேன். அலுவலக மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். அவர் மகள் எடுத்தாள்.

"அப்பாகிட்டக் கொஞ்சம் சத்தமாப் பேசணுங்க. குடுக்கட்டுங்களா?"

படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.