நாற்பது அடியில் ஊர் மாறிய ஆரோக்கியமேரி

ஆரோக்கியமேரி கொடியில் துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டே, அவள் பெயருக்கு வந்த கவரில் 'விலாசத்தில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். 1993இல் சேர்ந்து இருபது வருஷம் தபால் பட்டுவாடா செய்தேன். அதில் நான் செய்த ஒரே அயோக்கியத்தனம் அதுதான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எங்கள் கூட்டு ரோடு. ஆதியில் அங்கே ஒரு கிணறும் வண்டி மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியும்தான். மேரியின் தாத்தா வளவனூர்ப் பக்கமிருந்து மாடுகளுக்கு லாடம் அடிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டார். லாரிகள் வந்ததும் அவள் அப்பா பஞ்சர் கடை போட்டார். அப்புறம் டீக்கடை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி, இருபது வீடு. ஆனால் ரோட்டின் நாலு மூலையும் நாலு ஊர்க் கணக்கில் இருந்தன. இரண்டு திண்டிவனம் தாலுகா, இரண்டு விழுப்புரம். எதிரெதிர் வீட்டுக்கு வேறு வேறு போஸ்ட்மேன். என்ன கூத்து!

அதனால் நானும், எதிர் பீட்டில், அதாவது அடுத்த பட்டுவாடா எல்லையில் தபால் கொடுக்கும் கோவிந்தனும் தினம் பதினோரு மணிக்குப் பஞ்சர் கடையில் சந்தித்து, மாறி வந்த தபாலைக் கைமாற்றிக்கொள்வோம். ஒருநாள் எங்களை மேற்பார்க்கும் மெயில் ஓவர்சியர் பிடித்துவிட்டார்.

"உன் பீட்டுத் தபாலு அந்தாளு பையில எப்பிடிய்யா வந்துச்சு? இன்னொரு வாட்டி பாத்தேன், வூட்டுக்கு அனுப்பிடுவேன்!"

என் வேலை அப்போது நிரந்தரமில்லை. பயந்துபோய்க் கைமாற்றுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வருஷ மழையில் மேரி வீட்டுச் சுவர் விழுந்தது. குடும்பம் எதிர் மூலைக்குக் குடிபோனது. நாற்பது அடிதான். ஊர் மாறியது, தாலுகா மாறியது, பீட்டும் மாறியது. கவர் பழைய விலாசத்துக்கு வந்தது. ஓவர்சியரை நினைத்துக்கொண்டு எழுதித் தொலைத்தேன்.

சில நாள் கழித்து மேரி என் சைக்கிளை நிறுத்தினாள்.

"அண்ணே, என்கூட நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப்போட்ட பொண்ணுங்களுக்கு லெட்டர் வந்துடுச்சாம். நாளைக்கு விழுப்புரத்துல இன்டர்வியூவாம். எனக்கு ஒண்ணும் வரலீங்களா?"

நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் இங்கதான நின்னுக்கினு இருந்தேன். என்னைப் பாத்துக்கினேவா எழுதினீங்க?"

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டு, அவளையும் அவள் அப்பாவையும் முதல் பஸ்ஸில் அழைத்துப் போனேன். பயிற்சிப் பள்ளி கிளார்க் அம்மாளின் மேஜையில் அந்தக் கவர் கிடந்தது.

"ஆளே இல்லன்னு திரும்பி வந்துருக்கே?"

"ஆளு இதோ நிக்குதுங்கம்மா. அப்பிடி எழுதினவன் நான்தான். தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன்."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அம்மாள் படித்துவிட்டு, காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்குங்க. பொண்ண உள்ள அனுப்புங்க."

மேரிக்கு இடம் கிடைத்தது. இப்போது வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: ஆள் இல்லை என்று எழுதும் முன் எதிர்வீட்டில் ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "எங்க வூடு உங்க பீட்ல இல்லியே. இனிமே நீங்க வரவே மாட்டீங்களாண்ணே?"

"வர்றேம்மா" என்றேன். தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரிட்டயர் ஆகும்வரை தினமும் போனேன்.