பெயர் நீக்க மறுத்த மரகதம் டீச்சர்

1. நான் கு. சபாநாயகம், அரியலூரில் வழக்கறிஞர். மறைந்த தலைமையாசிரியை மரகதம் அவர்களின் துறை விசாரணையில் ஆலோசனை சொன்னவன்.

2. நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே, அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

நீதிமன்ற வாசலில் நான் நின்றபோது அவர் மகன் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா போயிட்டாங்க சார்” என்றார்.

தேறமாட்டார்கள் எனத் தோன்றும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிப் பட்டியலிலிருந்து நீக்கித் தனித்தேர்வராக எழுதச் சொல்வது அக்காலத்தில் சில பள்ளிகளில் வழக்கம். அவர்கள் தோற்றால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையாது. மரகதம் அவர்களின் பள்ளிக்குக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் அதற்காகவே வந்தார். பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினராக நானும் அங்கிருந்தேன்.

“செல்வி, அந்தோணி, ரெண்டு பேரையாச்சும் எடுத்துடுங்க மேடம். பெரம்பலூர் மாவட்ட மீட்டிங்குல நான்தான் பதில் சொல்லணும்.”

“எடுத்தா அதுங்க தனியால்லாம் எழுதாதுங்க சார். முந்திரிக் காட்டு வேலைக்குப் போயிடும்ங்க.”

“உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வருது. ஞாபகம் இருக்கட்டும்.”

“பரீட்சையும் வருதுங்க.”

இருவரும் எழுதினார்கள், இருவரும் தோற்றார்கள். பள்ளி மாவட்டத்தில் கடைசிக்குப் போனது. அவர் ஓய்வுபெற வேண்டிய வாரத்தில், தேர்ச்சி குறைந்ததற்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை முடியும்வரை முழு ஓய்வூதியம் கிடையாது.

விளக்கத்தை நான் எழுதினேன். ‘பெற்றோர் வெளியூர் வேலைக்குச் சென்றதால் மாணவர் வருகை குறைந்தது’ என்பது பாதுகாப்பான வாதம். அந்த வரியை டீச்சர் சிவப்பு மையால் அடித்தார்.

“கணக்கு வாத்தியாரே இல்லாம வருஷத்த ஓட்டுனோம். அத எழுதுங்க. பெத்தவங்களக் குத்தம் சொல்லியா நான் பென்ஷன் வாங்கணும்?”

துறையையே குறை கூறுவது பாதகமாகும் என்றேன்.

“உங்க பயத்த உங்க கேஸ் கட்டோட வெச்சிக்கிங்க, வக்கீல் சார்” என்று சிரித்தார். அவர் சொன்னபடியே எழுதினேன்.

அப்போது எங்கள் மாவட்டத் தலைநகராக இருந்த பெரம்பலூரில் விசாரணை அதிகாரி வெள்ளைத்தாளை டீச்சர் பக்கம் தள்ளினார். “செஞ்சது தப்புன்னு ஒரு வரி குடுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்.”

என் கை அந்தத் தாளை நோக்கிப் போய்விட்டது. அவர் அதைத் தொடவில்லை.

“எதுங்க தப்பு? பரீட்ச எழுத விட்டதா?”

அதிகாரி தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், “ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள்” என்றேன். அப்படியே நடந்தது. அவரோ, “அது கெடக்கட்டும். அந்தோணிக்கு அல்ஜீப்ரா ஏறவே மாட்டேங்குது” என்றார். தோற்ற இருவருக்கும் அப்போது தம் வீட்டிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் அடித்த அந்த வரி. பிறகு எந்தப் பள்ளி வழக்கிலும் அதை நான் எழுதியதில்லை.

(ஒப்பம்)
கு. சபாநாயகம்

சாட்சிகள்:
1. செல்வி. அடுத்த தேர்வில் தேறியவர்.
2. அந்தோணி. தேறாதவர், அந்தப் பள்ளியின் மாணவராகவே தேர்வெழுதியவர்.