நாலு ஓட்டையா, ஒரு ஓட்டையா: பித்தப்பையோடு புதுக்கோட்டைக்கு

இந்த வலைப்பூவில் வழக்கமாகக் கோயில், மலை என்று எழுதுவேன். போன மாசியில் புதுக்கோட்டைக்குப் போனது பித்தப்பையை எடுக்க. கல் அடைத்து, வலது விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி. ஆனால் வலியைவிடப் பயம்தான் பெரிது. வீட்டுக்காரர் துபாயில். ரெண்டு வயசு மகன் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு எடுத்தால் சீக்கிரம் தேறிவிடலாமாம்; வயிற்றைக் கிழித்தால் ஒன்றரை மாதம் பிள்ளையைத் தூக்கக் கூடாதாம். அப்புறம் அவனை யார் தூக்குவது?

அவனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, காலை ஆறரைக்கு அறந்தாங்கியில் வாடகைக் கார் ஏறினேன். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபரேஷன் என்று சொன்னதும், "ஓட்டையா, கிழிப்பாங்களா?" என்றார் டிரைவர்.

"ஓட்டைதாண்ணே."

"அப்பப் பயப்படாதீங்க. எம் மச்சான் மறுநாளே டீக்கடைக்கு வந்துட்டாரு."

எனக்குத் தொப்புள் வழியாக ஒரே ஓட்டை போதும் என்று ஆசை. தழும்பே தெரியாதாம். வீட்டுக்காரரோ போனில், "ரோபோ வச்சுச் செய்யச் சொல்லு, அதுக்குக் கை நடுங்காது" என்று ஒரே பிடிவாதம்.

ஆஸ்பத்திரியில் ரெண்டையும் சொன்னதும் டாக்டரம்மா சிரித்தார். "ரோபோவையும் நான்தாம்மா ஓட்டணும். ஒரே ஓட்டைன்னா கருவியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். ஒங்களுக்குப் பை வீங்கி ஒட்டிக் கெடக்கு. நாலு ஓட்டை போட்டாத்தான் நல்லாத் தெரியும். அப்பவும் பித்தக்குழாய் தெரியலைன்னா கிழிச்சிருவேன். குழாயை வெட்டிட்டா உசுருக்கே ஆபத்து."

 மயக்க ஊசி போடும்போதுகூட, "கிழிச்சிராதீங்க மேடம்" என்று கெஞ்சினேன்.

கண் விழித்ததும் வயிற்றைத் தடவினேன். விலாவுக்குக் கீழே ஒரு சாணுக்குக் கட்டு. "தெரியலைம்மா, அதான்" என்றார் டாக்டரம்மா. அவர் மேல் கோபம் வந்தது. குழாய் பத்திரமாக இருக்கிறது என்றதும் அழுகைதான் வந்தது.

போகிறவர்கள் எத்தனை ஓட்டை என்பதோடு, எப்போது கிழிப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஓட்டைதான் என்று சொன்னாலும் வீட்டில் ஒன்றரை மாதத்துக்கு ஆள் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒரு வாரத்துக்குத்தான் தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஓடிவந்து ரெண்டு கையையும் நீட்டினான். என்னால் குனியக்கூட முடியவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் தங்கச்சியிடம் போய்க் கையை நீட்டினான்.