மணல்குழியில் ஒரு குறிச்சட்டம்

வெரோனிக்கா ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவள். சில வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், காட்டோரத் தெருவில் ஒரு மான் பாய்ந்து வந்து அவளுடைய பேருந்தில் அடிபட்டது. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மான் மட்டும் கால் முறிந்து பள்ளத்துக்குள் கிடந்து துடித்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொலிஸ் கூப்பிட்டு வந்தவள் ஹைக்கெ என்ற வேட்டைக்காரி. நரைத்த கட்டைமயிர், சேற்றுச் சப்பாத்து. ஒரே வெடியில் மானின் வேதனையை முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற வெரோனிக்காவின் தோளைப் பிடித்து, "இனி அதற்கு வலிக்காது" என்றாள்.

அந்த மாலை வெரோனிக்காவைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமே வேட்டை உரிமத்துக்குப் படிக்கத் தொடங்கினாள். முதல் தடவை சோதனையில் கோட்டை விட்டாள்; இரண்டாம் தடவை பாஸ். ஹைக்கெயே தன்னுடைய வேட்டை நிலத்துக்கு வரச் சொல்லிவிட்டாள்.

வீட்டில்தான் கஷ்டம். புருஷன் ஜெசிந்தன் மன்னாரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆள். அவள் பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்றை வாங்கி வந்து இரும்புப் பெட்டிக்குள் பூட்டியபோது, அவன் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை.

"எனக்கு உந்தத் துவக்கைக் காட்டாதையும், வெரோனிக்கா. சமைக்கிறது எண்டால் சமைச்சுத் தாறன்" என்றான்.

ஆனால் சமைக்க ஒன்றும் வரவில்லை. ரேப்ஸ் என்ற எண்ணெய்விதைப் பயிர் வயலில் புறாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி இளம் இலைகளை மொட்டையடித்தன. பக்கத்தில் நின்றவர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். வெரோனிக்கா சுட்டால் புறாக்கள் இன்னும் உயரப் பறந்தன, அவ்வளவுதான். மற்றவர்கள் தங்கள் புறாக்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்கள். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு மனம் சுட்டது.

"துவக்கு சன்னங்களை, அந்தச் சிறு குண்டுகளை, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று பார்த்தாயா?" என்று ஹைக்கெ கேட்டாள். "பெரிய தாளில் சுட்டுப் பார். தாள் பொய் சொல்லாது."

சுட்டுப் பழகும் கூடத்தில் அப்போது திருத்த வேலை நடந்தது. வேட்டை நிலத்துக்குள்ளே, பின்னால் உயரமான மண்சுவர் நின்ற பழைய மணல்குழி ஒன்று இருந்தது. அங்கே சுடலாம். தாளைத் தாங்க ஒரு சட்டம் வேண்டும், அதையும் வயல் தாண்டிச் சுமந்துபோக வேண்டும்.

துவக்கைத் தொடாத ஜெசிந்தன், மரம் என்றதும் எழும்பி வந்தான். சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவன் அவன். ஒரு பின்னேரம் முழுக்கத் தட்டிக் கொட்டி ஒரு சட்டம் செய்தான். அழகென்றால் அழகு. வெரோனிக்கா தூக்கிப் பார்த்தாள், இடுப்பு முறிந்தது.

"இது குறிச்சட்டமோ, கட்டிலோ? நான் இதைச் சுமந்துகொண்டு போக ஏலாது."

"பலமா இருக்கோணுமெல்லே!"

"தாளைத்தான் பிடிக்கப் போகுது, யானையை இல்லை. இஞ்சை பாருங்கோ."

அவள் நான்கு மெல்லிய மரச்சலாகைகளை எடுத்தாள். இரண்டிரண்டாக உச்சியில் கீல் போட்டு, பெயின்ரர் ஏணிபோல் விரியவிட்டாள். கால்கள் அகலாதபடி குறுக்கே கயிறு கட்டினாள். முன்பக்கம், குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டை. அதன்மேல், வரவேற்பறைக்கு ஒட்டி மிஞ்சிய சுவர்த்தாளை இரண்டு துண்டாக இணைத்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் கவ்வவிட்டாள். நூலில் பென்சில் கட்டி வட்டம் கீறினாள். எல்லாம் வீட்டில் கிடந்த சாமான்தான். மடித்தால் கக்கத்துக்குள் அடங்கியது. ஜெசிந்தன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"நானும் வாறன். காத்துக்கு உது நிக்குமோ எண்டு பாக்கோணும்" என்றான்.

மணல்குழியில், ஹைக்கெயும் பார்த்துக்கொண்டு நிற்க, விரித்து வைத்துவிட்டுத் திரும்பி நாலடி நடக்கவில்லை, காற்று வந்து அட்டையைப் பாய்மரமாக்கியது. சட்டம் விழுந்து, எழும்பி, பள்ளம் நெடுக உருண்டது. "பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று வெரோனிக்கா பின்னால் ஓட, சேற்றில் வழுக்கிய ஜெசிந்தன் விழுந்த இடத்திலேயே அதைக் கட்டிப் பிடித்தான். ஹைக்கெ சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் கலைந்தன.

கல்லைக் கட்டலாமா, ஆப்பு அடிக்கலாமா என்று யோசித்தார்கள். வெரோனிக்காவுக்கு காரில் வெறுமையாகக் கிடந்த பாசுமதி அரிசிப் பை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, காலடியில் கிடந்த மணலையே நிரப்பி, பையின் ஸிப்பை இழுத்து மூடி, கயிற்றின் நடுவில் தொங்கவிட்டாள். காற்று மோதியது. அட்டை படபடத்தது. சட்டம் அசையவில்லை.

"வெறும் பையைக் கொண்டு வந்தால் போதும். பாரம் இஞ்சையே கிடக்குது!" என்று துள்ளினாள்.

மற்ற இருவரையும் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். காதுமூடிகள் ஏறின. முதல் வெடி. ஓடிப்போய்ப் பார்த்தால், வட்டத்தின் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. மேலேயும் வட்டத்துக்கு வெளியேயும் அம்மைத் தழும்புபோல ஓட்டைகள். புதுத் தாள் மாட்டி மற்றக் குழலால் சுட்டாள். அதே கதை.

"மேலேதான் சுடுகிறாய். இத்தனை நாளும் புறாவுக்கு மேலே வானத்தைச் சுட்டிருக்கிறாய்" என்றாள் ஹைக்கெ.

வெரோனிக்காவுக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம் பொங்கியது. காரணம் ஒன்று இருக்கிறது! தான் குருடில்லை!

அப்போதுதான் ஜெசிந்தன் வாயைத் திறந்தான். "நீர் சுடேக்கை தலையைத் தூக்கிறீர். ரெண்டு தரமும் பாத்தனான். துவக்கு உமக்கு நீளம். கட்டை ஆளுக்கு உயரமான மேசை செய்து குடுத்தமாதிரி."

வெரோனிக்கா அதை ஹைக்கெக்கு ஜெர்மனில் சொன்னாள். ஹைக்கெ துவக்கை அவள் தோளில் வைத்து, முழங்கையை மடித்து அளந்து பார்த்துத் தலையாட்டினாள். துவக்குத் திருத்துகிறவர், தோளில் முட்டும் மரக்கட்டையான பிடங்கில் இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்தார். அடுத்த சனிக்கிழமை அதே குழி, அதே சட்டம். துவக்கு தானாகவே கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. வெடித்த கையோடு, இறக்கிய துவக்கைப் பத்திரமாகத் திறந்து வைத்துவிட்டு ஓடினாள். வட்டம் முழுக்க, அள்ளித் தெளித்ததுபோல் ஒரே சீராகச் சன்னத் துளைகள்! தாளோடு சேர்த்து ஜெசிந்தனைக் கட்டிப்பிடித்தாள்.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அவள் வயலோரம் நின்றாள். காட்டுப் பக்கமிருந்து தனிப்புறா ஒன்று வேகமாக வந்தது. யோசிக்க நேரமில்லை. கன்னத்தில் கட்டை, வெடி. புறா சிறகை மடித்து நேரே விழுந்தது. மூச்சுவிட மறந்து நின்றவளிடம் ஹைக்கெ வந்து, தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தாள். வெரோனிக்கா உடனே வீட்டுக்கு ஃபோன் அடித்தாள்.

"விழுந்திட்டுது! ஒரே வெடி!"

மறுபக்கத்தில் சட்டி உருளும் சத்தம் கேட்டது. "ஓம், ஓம், கத்தாதையும். மிளகு கூடப் போடட்டோ, குறையப் போடட்டோ?"