முயலுக்கு ஆட்டு மாத்திரை

விஜயாவின் கொட்டகைக்குள் நுழையும்போதே தும்மல் கேட்டது. முயலின் தும்மல் மிகச் சின்னது. ஆனால் முப்பத்திரண்டு முயல்கள் ஒன்று மாற்றி ஒன்று தும்மினால் பஜனை கோஷ்டி போலத்தான் இருக்கும். அதை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போது நான் திண்டிவனம் பக்கத்தில் கால்நடை ஆய்வாளர். ஊரில் எல்லாரும் டாக்டர் என்பார்கள். திருத்தலாம், ஒருநாளும் திருத்தியதில்லை.

விஜயா மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது நிலக்கடலை வயல்களில், கூலி வேலை செய்தவள். முயல் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, வீட்டுக்குப் பின்னால் கூண்டு அடித்திருந்தாள். இனிமேல் உன் கொல்லைக்கு வரமாட்டேன் என்று கொல்லைக்காரரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

"இதுங்க போச்சின்னா மறுபடியும் அந்தாளு எதிர்லதான் போயி நிக்கணும் சார். எப்டியாச்சும் காப்பாத்திக் குடுங்க."

மூக்கில் சளி. முன்னங்காலின் உள்பக்க மயிர் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முயல் மூக்கைக் காலால்தான் துடைத்துக்கொள்ளும். பாஸ்சுரெல்லா கிருமி என்று சரியாகவே கண்டுபிடித்தேன். என் சர்வீஸில் அரிதாக நடப்பது அது.

இதற்கு என்ரோஃப்ளாக்சசின் ஊசி போட வேண்டும். பையில் தீர்ந்திருந்தது. விழுப்புரம் போய் வாங்கிவர ஒரு நாள் ஆகும். ஆட்டுச் சளிக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாத்திரை மட்டும் இருந்தது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டு மருந்தை எடைக்கு எடை வகுத்து, கோழிக்கும் நாய்க்கும் கொடுத்துவிடுவோம். நானும் வகுத்தேன். ஒரு மில்லிகிராம் பிசகவில்லை. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சால் ஒவ்வொன்றின் வாயிலும் விட்டேன். மீதியைக் காலையும் மாலையும் விடச் சொன்னேன். ஒரு வேளைகூடத் தவறாமல் விட்டிருக்கிறாள்.

மறுநாள் தும்மல் குறைந்தது. எனக்குக் கைராசி என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் இருபத்தெட்டு செத்துக் கிடந்தன.

இரண்டைக் கட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் விழுப்புரம் கொண்டுபோனேன். அங்கே கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்தார். குருட்டுக்குடல் காற்றும் தண்ணீருமாக ஊதியிருந்தது.

"வாய் வழியா என்னய்யா குடுத்த?"

சொன்னேன். ஆட்டுக்குக் கொடுப்பதுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"முயலு என்னா, காது நீண்ட ஆடா?"

கை கழுவிக்கொண்டே விளக்கினார். முயலுக்குத் தீனியைச் செரிக்க வைப்பதே குருட்டுக்குடலில் இருக்கும் நல்ல கிருமிகள்தான். பென்சிலின் வகை மருந்து வாய் வழியாகப் போனால் அவை செத்து, கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும். சும்மா விட்டிருந்தாலே பாதிக்கு மேல் பிழைத்திருக்கும் என்றார்.

விஜயாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே திரும்பினேன். அவள் காலிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"என் தப்புதான் சார். உங்க மருந்துக்கு நல்லாத்தான் ஆய்க்கினு வந்துச்சி. நான்தான் மழையில அறுத்த புல்ல அப்டியே ஈரத்தோட போட்டுட்டேன்."

"ஈரப்புல்லு போடக்கூடாதும்மா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் மல்லாட்டை பிடுங்கும் ஆட்களோடு அவளைப் பார்த்தேன். வரப்பில் கொல்லைக்காரர் நின்றிருந்தார். அவள் நிமிர்ந்து எனக்கு வணக்கம் வைத்தாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: முயலுக்குப் பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் எதையும் வாய் வழியாகக் கொடுக்காதீர்கள். சரியான மருந்து கையில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஓய்வு பெறும்வரை பயிற்சி வகுப்புகளில் இந்தச் சம்பவத்தைச் சொல்லிவந்தேன், யாரோ ஓர் ஆய்வாளர் செய்ததாக. அந்த ஆளை நாலு வார்த்தை திட்டவும் திட்டுவேன். வகுப்பே சிரிக்கும்.

விஜயாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது இரண்டு ஆடு வைத்திருக்கிறாள். புல்லை வெயிலில் உலர்த்தித்தான் போடுகிறாள். அக்கம்பக்கத்தாருக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால், என் பேரைச் சொல்கிறாளாம்.