தூங்கறவங்க பக்கத்துல

கோவையில் எங்கள் ஆய்வகத்தின் பட்டுப்புழு அறையைப் பார்த்துக்கொண்ட பெண் என்னைவிட இளையவர். மல்பெரி இலையோடு உள்ளே போகும்போதெல்லாம் கண்ணாடி வளையல்களை முழங்கைவரை ஏற்றிக்கொள்வார்.

நான் சேர்ந்த வாரம், ஒரு தட்டுப் புழுக்கள் இலையைத் தொடாமல், தலையைத் தூக்கியபடி உறைந்து கிடந்தன. நோய் என்று பயந்து, கொளுத்துவதற்காகத் தட்டை எடுத்தேன்.

"ஏனுங்க மேடம், தூங்கறவங்கள எங்கீங்க தூக்கீட்டுப் போறீங்க? தோல் உரிக்கப் போறாங்க. நாளைக்கு எந்திரிச்சுருவாங்க" என்றார், ரகசியம்போல.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "புழுவுக்குக் காதே கிடையாது. எதுக்கு இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

"இல்லாட்டி என்னங்க? தூங்கறவங்க பக்கத்துல சத்தம் போடலாமுங்களா?"

மறுநாள் அறை முழுக்கத் தூறல் விழுவதுபோல் இலை மெல்லும் சத்தம்.

அந்தப் பெண் வேலையை விட்டுப்போய் நாளாகிறது. தீக்காயத்தின்மேல் ஒட்டுவதற்காகப் பட்டிலிருந்து செய்த மெல்லிய படலத்தில் இப்போது தோல் செல்களை வளர்க்கிறேன். மூன்று நாளாகியும் அவை பெருகவில்லை. கொட்டிவிடலாம் என்றார் கூட வேலை செய்பவர்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். அது பக்கத்தில் நின்ற அவருக்கே கேட்கவில்லை.

செல்களை வைத்திருக்கும் வெப்பப் பெட்டியின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தும்போதுதான் கவனித்தேன். என் வளையல்கள் முழங்கையில் இருந்தன.