ராக்கெட் ஏறும்போது நகரக் கூடாதாம்

இன்று மிக்ஸி வாங்க நெல்லை வண்ணார்பேட்டை டிவி கடைக்குப் போனேன். எல்லா டிவியிலும் ராக்கெட் கிளம்பத் தயாராக நின்றது. கடையே கூடி நின்று பார்த்தது.

ஒரு அக்கா மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"போன தடவை நான் பாத்தேன், கடல்ல விழுந்துட்டு. எங்க வீட்டுக்காரக மகேந்திரகிரியில ராக்கெட் இஞ்சின் வேலைதான் பாக்காக. அவுகளுக்குச் சோறே எறங்கல."

ராக்கெட் கிளம்பியது. வெளியே என் பஸ்ஸும் வந்தது. வாங்கிய மிக்ஸியோடு காலை எடுத்தேன்.

"நகராம நில்லும் வே. நீரு அங்கன நிக்கப் போய்த்தான் ஏறுது" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

நின்றேன். பஸ் போய்விட்டது. டிவியில் பேச்சே இல்லை.

திடீரென்று கைதட்டல்.

அக்கா திரும்பாமலே கேட்டார்: "கை தட்டுதாங்களே, டிவியிலயா, கடையிலயா?"

"டிவியிலதான்க்கா. விஞ்ஞானிங்கதான் தட்டுறாங்க."

அப்புறம்தான் திரும்பினார்.

அடுத்த ராக்கெட்டுக்கும் நான் அதே இடத்தில் நிற்க வேண்டுமாம். ஆபீசில் லீவுக்கு என்ன காரணம் சொல்ல?